இடம் தப்பிய குழி

“நம்ம முன்னோர் கல்லை மெழுகாட்டம் உருக்கி வார்த்தவங்க. அதை ஏன் நீங்கெல்லாம் சேர்ந்து மறைக்கறீங்க அம்மிணி?”

சென்னியப்பன் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

கேட்கப்பட்டவர் கயற்கண்ணி. ஆற்றங்கரையில் ஓட்டுமேடு என்ற இடத்தில் அகழாய்வு நடத்திக்கொண்டிருந்தவர். தெற்கே இருந்து வந்தவர். கேட்டவரைவிட வயதில் மிகவும் சிறியவர்.

கயற்கண்ணி சாப்பாட்டுத் தூக்கை மூடினார். கையைக் கழுவினார். ஒரு கொத்துக் கரண்டியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“எதுக்குங்க இது?”

“நான் மறைச்சிருந்தா எடுத்துடுங்க.”

சென்னியப்பன் கரண்டியை வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

*

சென்னியப்பன் நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மில்லில் அவர் குரல் மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும். வீட்டுக்கு வந்த பிறகு அதைக் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது. மகன் காதில் ஒயரை மாட்டிக்கொள்வான். மருமகள் “சரிங்க மாமா” என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அப்போதுதான் செல்போனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். கடலுக்கடியில் போன கண்டம், ஆகாயத்தில் ஓடிய தேர், பாறையை இளக்கிய பச்சிலை. சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்குப் பேச்சு வந்தது. பார்க்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். கோயில் விசேஷங்களுக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் நடு நாற்காலியைப் போட்டு, “ஆய்வாளர் அண்ணன் வந்துட்டாரு” என்றார்கள்.

அந்த நாற்காலி அவருக்குப் பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது.

ஓட்டுமேட்டுக்கு அவர் வந்தது திருட்டைக் கையும் களவுமாகப் பிடிக்க. வந்தவர் மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். அப்புறம் சாப்பாடு கட்டிக்கொண்டே வர ஆரம்பித்துவிட்டார்.

*

“குத்தாதீங்க. சுரண்டுங்க.”

அதுதான் முதல் பாடம்.

“கிடைச்சதைப் பிடுங்காதீங்க. கிடைச்ச இடத்துலயே இருக்கட்டும். பக்கத்துல ஒரு குச்சி நட்டுட்டு என்னைக் கூப்பிடுங்க.”

இது இரண்டாவது. மூன்றாவது பாடம் என்று ஒன்றைக் கயற்கண்ணி சொல்லவே இல்லை.

குழி சதுரமாக இறங்கியது. மேலே சாம்பல் நிற மண். அதற்குக் கீழே மெழுகிய தரை. அதற்கும் கீழே இன்னொரு தரை. இடையிடையே கரியும் ஆட்டெலும்பும் பானை ஓட்டுச் சில்லுகளும் வந்துகொண்டே இருந்தன.

சென்னியப்பனுக்கு அலுத்துவிட்டது.

“வெறும் சோத்துச் சட்டியாத்தான் வருதுங்களே அம்மிணி.”

“பசிச்சிருக்கு.”

“அத்தனை பெரிய நாகரிகத்துக்குப் பசிதானுங்களா?”

கயற்கண்ணி அவருடைய தூக்கைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. சென்னியப்பன் எழுந்து கை கழுவப் போனார்.

*

ஒரு நாள் மஞ்சள் மண் வந்தது. பிசுபிசுப்பான மண், சுண்ணாம்புச் சுக்காங்கல் கலந்தது. வேலை செய்த பெண்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மோர் குடிக்க மேலே ஏறினார்கள்.

“ஏனுங்க எல்லாரும் நிறுத்திட்டாங்க?”

“கன்னி மண் வந்திருச்சு. இதுக்குக் கீழே ஆள் இருந்ததில்ல.”

“இருந்ததில்லைன்னா?”

“இங்க வந்து முதல்ல காலை வச்சவங்க இந்த மண்ணு மேலதான் வச்சாங்க. அதுக்கு முன்னாடி இது வெறும் ஆத்தங்கரை.”

சென்னியப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. நம்ம ஆட்கள் ஓர் இடத்துக்குப் புதிதாக வந்தவர்களா? அப்படியொரு நாள் இருந்ததா? அவருடைய பேச்சில் முன்னோர் எங்கிருந்தும் வருவதில்லை. எல்லாம் தெரிந்தவர்களாக முதலிலிருந்தே இருப்பார்கள்.

அது போக, ஓட்டுமேட்டின் அடியில் கடல்கோளுக்கு முந்திய ஊர் இருக்கிறது என்று செல்போனில் சொல்லியாகிவிட்டது. பத்து நாளில் ஆதாரத்தோடு வருகிறேன் என்றும் சொல்லியாகிவிட்டது.

“இன்னும் தோண்டிப் பார்க்கோணுமுங்க.”

“தோண்டுங்க” என்றார் கயற்கண்ணி. குழியின் ஒரு மூலையைக் கையால் காட்டினார்.

மறுப்பார், சண்டை போடலாம் என்று நினைத்திருந்தார் சென்னியப்பன். சண்டைக்கு வழியில்லாமல் போனதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

*

அவர் மட்டும் தனியாகத் தோண்டினார். மஞ்சள் மண்ணுக்குக் கீழே மஞ்சள் மண்ணே வந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது.

“அப்பாரு கிணறு வெட்டறாருங்க” என்றாள் பழனியாள். ஓடு கழுவும் வேலை அவளுக்கு. “தண்ணி வந்தா சொல்லுங்க, இங்கயே கழுவிக்கறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பன் சிரிக்கவில்லை. தோண்டினார்.

கயற்கண்ணி வேலையாகக் கோயம்புத்தூர் போயிருந்த அன்று அது வந்தது.

கறுப்பும் சிவப்புமாக ஓர் ஓட்டுச் சில்லு. மஞ்சள் மண்ணுக்குள், அவர் முழங்கால் ஆழத்தில், சுவரை ஒட்டிக் கிடந்தது. ஆள் இருந்ததே இல்லை என்று கயற்கண்ணி சொன்ன ஆழம். அந்த ஆழத்தில் ஒரு சட்டியின் விளிம்பு.

சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. மனசாரச் சந்தோஷப்பட்டார்.

பிறகு ஓட்டைப் பிடுங்காமல், பக்கத்தில் குச்சி நட்டார். பழகிய கை, தானாக நட்டது. நட்டுவிட்டுக் கயற்கண்ணியைக் கூப்பிடுவதற்குப் பதிலாகச் செல்போனை எடுத்தார்.

இருட்டுவதற்குள் மாவட்டம் முழுக்கப் பார்த்துவிட்டது. டவுனிலிருந்து நாச்சிமுத்து கூப்பிட்டார். கூட்டங்கள் நடத்துகிறவர் அவர்தான்.

“அண்ணா, ஞாயித்துக்கிழமை கல்யாண மண்டபம் எடுத்துட்டனுங்க. பேனருக்குச் சொல்லியாச்சு. வருஷம் மட்டும் எத்தனைன்னு சொல்லுங்க, போட்டர்றோம்.”

“பன்னெண்டாயிரம்னு போடுங்க” என்றார் சென்னியப்பன்.

*

மறுநாள் காலை கயற்கண்ணி வந்தார். குழிக்குள் இறங்கினார். சில்லைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார்.

“அப்படியே விட்டிருக்கீங்க. நல்லது.”

“எத்தனை பழசுங்க இது?”

“வெளியே சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டனுங்க.”

கயற்கண்ணி மேலே ஏறிப்போனார். தென்னைக்கு மருந்தடிக்கும் தெளிப்பான் ஒன்று கொட்டகையில் உண்டு. அதில் தண்ணீர் ரொப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

“சுவத்துக்கு அடிங்க.”

சென்னியப்பன் அடித்தார். காய்ந்து ஒரே நிறமாக இருந்த சுவர், நனைய நனைய நிறம் பிரிந்தது. மேலே சாம்பல் மண் கறுத்தது. கீழே மஞ்சள் மண் பளிச்சென்று தெரிந்தது.

மஞ்சளுக்கு நடுவில் ஒரு சாம்பல் கோடு இறங்கியது. கை நுழையும் அகலம். மேல் மண்ணில் தொடங்கி, ஒரு சுக்காங்கல்லைச் சுற்றிக்கொண்டு, வளைந்து, அந்தச் சில்லு கிடந்த இடத்தில் வந்து முடிந்தது.

சென்னியப்பன் விவசாயம் பார்த்த காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. அறுப்பு முடிந்த வயலில் இதைப் போல எத்தனையோ தோண்டி, உள்ளே இருக்கும் கதிரை எடுத்து வந்தவர். அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எலி வளை.

சென்னியப்பன் தெளிப்பானைக் கீழே வைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

“எலி அந்தக் காலத்துலயும் இருந்திருக்குமில்லீங்களா?”

“எலி இருந்திருக்கும்” என்றார் கயற்கண்ணி.

சொல்லிவிட்டுத் தெளிப்பானை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். கரண்டியைச் சென்னியப்பனிடமே விட்டுவிட்டார்.

*

குழிக்குள் வேறு யாரும் இல்லை.

சுவர் ஈரமாக இருந்தது. சாம்பல் கோடு ஆழமாகப் போகவில்லை, சுவரின் முகத்தில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்டியால் நாலு வழி வழித்தால் போதும், மஞ்சள் மண் மட்டும் மிஞ்சும். மஞ்சள் மண்ணில் ஓர் ஓடு. பன்னிரண்டாயிரம். ஞாயிற்றுக்கிழமை. நடு நாற்காலி.

அவர் வீட்டை நினைத்துக்கொண்டார். காதில் ஒயர் மாட்டிய மகனை நினைத்துக்கொண்டார். வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம்.

கரண்டி சுவர்வரை போனது. ஈரத்தில் பதிந்தது.

அங்கேயே நின்றது.

கயற்கண்ணி திரும்பி வந்தபோது சுவர் அப்படியே இருந்தது. கரண்டி பதிந்த தடம் மட்டும் ஒன்று கூடுதலாக இருந்தது.

“இதைப் போட்டோ எடுத்துட்டீங்களா அம்மிணி?”

“இல்ல.”

“நான் வழிச்சு உட்டிருந்தா?”

“சுவர் சுத்தமா இருந்திருக்கும்.”

சென்னியப்பன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நாளன்னிக்குக் கூட்டமுங்க. நான் என்னன்னு சொல்லுவேன்?”

கயற்கண்ணி ஒரு துடைப்பத்தை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார்.

“எதிர் மூலை இன்னும் கூட்டாம கிடக்கு.”

இவ்வளவு கல்நெஞ்சக்காரியா என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. ஆனாலும் கூட்டினார். கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

*

எதிர் மூலையில் கன்னி மண்ணோடு தோண்டலை நிறுத்தியிருந்தார்கள். கன்னி மண் வெளிப்பட்டபடியே விரிந்து கிடந்தது. கூட்டி முடித்ததும் கயற்கண்ணி தண்ணீர் அடித்தார்.

மஞ்சள் தரையில் கறுப்பு வட்டங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் தட்டு அகலம். ஒன்றன்பின் ஒன்றாக, வளைந்த வரிசையில்.

“கால் நட்ட குழிங்களா?”

“ஆமா. வட்டமா ஒரு குடிசை. நட்ட கம்பம் மக்கிப்போச்சு. குழியில மண்ணு நெறைஞ்சு இப்படி நிக்குது.”

“மொதல்ல வந்தவங்க போட்டதா?”

“கன்னி மண்ணுல நேரா நட்டிருக்காங்க. இதுக்கு முந்தி எதுவும் இல்ல.”

சென்னியப்பன் வரிசையைக் கண்ணால் தொடர்ந்தார். மில்லில் நூல் சுற்றும் கதிர்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துப் பழகிய கண். ஓர் இடத்தில் முட்டியது.

“இங்க மட்டும் ரெண்டு இருக்குதுங்களே. ஒட்டினாப்ல.”

“ம்.”

“ஒண்ணு கறுப்பு. ஒண்ணு கறுப்பா இல்ல. கல்லும் களிமண்ணுமாப் போட்டு இடிச்சிருக்குது.”

“ஏன்னு பாருங்க.”

எப்படிப் பார்ப்பது என்று கயற்கண்ணி காட்டினார். வட்டத்தில் பாதியைத் தொடாமல் விட்டு, மறு பாதியை மட்டும் கரண்டியால் மெல்ல மெல்ல எடுத்தார். பிறகு கரண்டியைச் சென்னியப்பனிடம் கொடுத்தார்.

அவர் குப்புறப் படுத்துக்கொண்டு வேலை செய்தார். களிமண்ணை அவ்வளவு இறுக்கமாக அடைத்திருந்தார்கள். உடைந்த சுக்காங்கல்லைத் துண்டு துண்டாகச் சொருகியிருந்தார்கள். முழங்கை ஆழம் போனதும் கரண்டி டங்கென்றது.

கையை விட்டுத் தடவினார். பாறை. பெரிய பாறை, அசையாதது. அதன் தலையில் கொத்திப் பார்த்த வடு ஒன்று விரலில் தட்டுப்பட்டது.

சென்னியப்பன் கையை வெளியே எடுக்கவில்லை. அப்படியே படுத்துக் கிடந்தார்.

“கல்லு தட்டியிருக்குதுங்க” என்றார் கடைசியில். “கொத்தியும் பார்த்திருக்காங்க. முடியலை. அதை மூடிட்டுப் பக்கத்துல நட்டிருக்காங்க.”

“ம்.”

“இடம் தப்பிப் போயிருக்குது.”

“ஆமா.”

“நம்ம ஆளுங்களுக்கு.”

“வந்த அன்னைக்கே” என்றார் கயற்கண்ணி.

சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் மஞ்சள் மண். கறுப்பு வட்டத்தை ஒரு தடவை, மூடிய குழியை ஒரு தடவை பார்த்தார். இத்தனை வருஷமாக முன்னோரைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவர்களில் ஒருவரைக்கூட இவ்வளவு பக்கத்தில் சந்தித்ததில்லை. இந்தக் குழியைத் தோண்டினவனுக்கும் இடுப்பு வலித்திருக்கும். பக்கத்தில் நின்ற யாராவது இவனைக் கிண்டல் செய்திருப்பார்கள்.

“அந்தக் குடிசை நின்னுச்சுங்களா?”

கயற்கண்ணி மோவாயைத் தூக்கிக் குழியின் சுவரைக் காட்டினார்.

கன்னி மண்ணுக்கு மேலே மெழுகிய தரை ஒன்று. அதன் மேல் சாம்பல். அதன் மேல் இன்னொரு தரை. அதன் மேல் அடுப்புக் கரி. இன்னொரு தரை. இன்னொரு தரை. ஆள் உயரத்துக்கும் மேலே, புல் முளைத்த விளிம்புவரை, வீட்டின் மேல் வீடாக ஏறிப் போயிருந்தது.

சென்னியப்பன் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்து வாசலில் பேனர். அதில் சென்னியப்பன் கை கூப்பி நின்றார். தலைக்குப் பின்னால் அந்த ஓட்டுச் சில்லிலிருந்து சூரியக் கதிர்கள் கிளம்பின.

உள்ளே நாற்காலி போதாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து பொன்னாடையை விரித்தார்.

“அது இருக்கட்டுமுங்க. நான் மொதல்ல பேசிக்கறேன்” என்றார் சென்னியப்பன். மைக்கைப் பிடித்தார்.

“நான் காட்டுன ஓடு எலி வளையில கிடந்ததுங்க.”

ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று கூட்டம் சிரித்தது.

“மெய்யாலுமுங்க. மேல் மண்ணுல இருந்த சில்லு வளைக்குள்ள உழுந்து கீழே போயிருக்குது. நான் சரியாப் பார்க்காம உங்ககிட்டச் சொல்லிட்டேன். பன்னெண்டாயிரமுன்னது நானா சொன்னது.”

சிரிப்பு நின்றது.

நாச்சிமுத்து அவர் காதருகே குனிந்தார். “அண்ணா, அவங்க ஏதாச்சும் மிரட்டினாங்களா?”

“இல்லீங்க. தண்ணி அடிக்கச் சொன்னாங்க.”

பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. நின்றவர்கள் முதலில் போனார்கள். உட்கார்ந்தவர்கள் பிறகு போனார்கள். சில பேர் போகிற போக்கில் நன்றாகவே திட்டினார்கள். நாச்சிமுத்து பொன்னாடையை மடித்துக் கவருக்குள் போட்டார். அவர் மேல் தப்பில்லை, மண்டபம் எடுத்தவர் அவர்.

சென்னியப்பன் மைக்கை விடவில்லை.

முன்வரிசையில் ஒரு மனிதர் மட்டும் எழுந்து நின்றார். அவர் வெளியே போகவில்லை. சென்னியப்பன் பேசும் கூட்டத்துக்கெல்லாம் வருகிறவர். குரல் உடைந்திருந்தது. அந்த உடைசல் எங்கே வலிக்கும் என்று சென்னியப்பனுக்குத் தெரியும். போன வாரம்வரை அவருக்கும் அங்கேதான் வலித்தது.

“அப்ப நம்ம முன்னோருக்கு ஒண்ணுமே தெரியாதுங்கறீங்களாண்ணா?”

“தெரியுமுங்க” என்றார் சென்னியப்பன். “தோண்டுன குழி இடம் தப்பிப் போச்சுன்னா, மூடத் தெரியும்.”